தாய்மாமன் தேத்தண்ணி குடித்த மரம்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் கோபமும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறது. அங்கே லுசாக்காவில் நீங்களும், உங்கள் வயிறும், சொல்லச் சொல்லக் கேட்காமல் இங்கிருந்து கொண்டுபோன பழுப்புச் சீஸ் கட்டியும் பழுதாகாமல் இருக்கவேண்டும் என்று விரும்புகிறேன். சீஸ் பச்சையாகியிருந்தால் சுரண்டிவிட்டுச் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள். எல்லையில் யாரோ ஒருவருடைய பஸ்ஸின் அச்சைப் படமெடுக்கக் குனிந்து உங்கள் போனைச் சேற்றுக்குழிக்குள் போட்டுவிட்டபடியால், இதைத் தட்டச்சு செய்து உங்கள் விடுதிக்காரி கரோலினாவின் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். அச்செடுத்து உங்கள் கதவுக்குக் கீழால் தள்ளிவிடச் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆகவே குடும்ப மானம் முழுவதையும் துணிந்து எழுதலாம். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் இடையில் விடாமல் முடித்த ஒரே பள்ளிக்கூடம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம்தான், அதுவும் நீங்கள் வாசலில் காரோடு காவல் நின்றதால்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கரோலினாவின் போனில் எடுத்தபோது நான் "ம், ம்" என்று மட்டும் சொன்னேன். எனக்குப் போனில் கதைக்க வராது, நேரிலும் வராது, அது உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கதைத்தீர்கள். "எனக்கு இனி முகமில்லை பிள்ளை, காணும், வாற கிழமை ரிக்கற் எடுத்துக்கொண்டு வந்திடுறன், கேப் டவுனும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம்" என்றீர்கள். அம்மா குசினியில் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார், ஆனால் போனை நீட்டியபோது வாங்கவில்லை. நீங்கள் தை மாதம் பெட்டியைத் தூக்கிய நாளிலிருந்து அவர் உங்களோடு நேரே ஒரு சொல் கதைக்கவில்லை, எல்லாம் என் வாய் வழியாகத்தான், அதுவும் ஊரிலேயே வேலை செய்யாத வாய். எனவே இந்தக் கடிதம் எழுதுவது ஒரே ஒரு காரியத்துக்காக. நீங்கள் அந்த ரிக்கற்றை எடுக்கக்கூடாது. ஏன் என்று சொல்ல, சனிக்கிழமை உங்கள் தங்கை மகள் ஆரணியின் பூப்புச் சடங்கில், அந்தச் சாமத்தியவீட்டில், என்ன நடந்தது என்று முழுதாகச் சொல்லவேண்டும். அதை அம்மா சொல்லமாட்டார், உங்கள் தங்கை புஷ்பராணி மாமி சொன்னால் உங்களுக்கு மயக்கம் வரும், ஆகவே நான்தான்.

முதலில் உங்களுக்குச் சில புத்திமதிகள். பஸ்ஸில் சாரதிக்கு நேர் பின்னால் உட்காராதீர்கள். உங்களை எனக்குத் தெரியும், உங்கள் வலது கால் வெறும் நிலத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும், அதைப் பார்க்கிற சாரதிக்குக் கைநடுக்கம் வரும். ஒஸ்லோவில் இருபத்தைந்து வருசம் பஸ் ஓடியவர் என்பதை எல்லோருக்கும் சொல்லவும் தேவையில்லை. மொம்பாசாவில் எட்டு மணி வான் வண்டிக்கு ஏழு ஐம்பத்தைந்துக்குப் போய் நின்று, ஆட்கள் நிறைந்தால்தான் வான் வெளிக்கிடும் என்று தெரியாமல், நேர அட்டவணை என்றால் என்ன என்று பிரசங்கம் வைத்தீர்களே, அந்த நடத்துனர் அவித்த முட்டை ஒன்றைத் தந்து உங்களை இருக்க வைத்தாரே, அவர் நல்ல மனிதர், எல்லோரும் அப்படி இருக்கமாட்டார்கள். தார் எஸ் சலாம் போகிற வழியில் ஒரு தாய் தன் குழந்தையை உங்கள் மடியில் வைத்துவிட்டு இரண்டு ஊர் தாண்டும் வரைக்கும் நித்திரை கொண்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அந்தக் குழந்தை உங்கள் சட்டையில் செய்ததையும் சொன்னீர்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நீங்கள் இங்கே வேலையால் வந்து சோபாவில் இருக்கும்போது சிரிப்பதேயில்லை.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று நீங்கள் எனக்கு மட்டும்தான் சொன்னீர்கள், நான் யாருக்கும் சொல்லமாட்டேன் என்று தெரிந்து. சொல்ல வாய் இருந்தால்தானே. பத்தொன்பது வயதில் உங்களை நோர்வேக்கு அனுப்புகிறேன் என்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன் நைரோபியில் ஒரு அறைக்குள் மாதக்கணக்காகப் பூட்டி வைத்தான், யன்னல் சீலையை விலக்கவும் விடவில்லை. "ஆபிரிக்கா எண்டு நான் கண்டது ஒரு சுவரும் ஒரு பல்லியும்தான் பிள்ளை, ஆனால் வெளியிலை பஸ்காரங்கள் ஊர் ஊராய்க் கூப்பிடுற சத்தம் ஒவ்வொரு நாளும் கேக்கும்" என்றீர்கள். பிறகு வாழ்நாள் முழுக்க மற்றவர்களை ஏற்றி இறக்கிவிட்டு, ஒரு தரமாவது பின் சீற்றில் இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்று சம்பளமில்லாத லீவு எடுத்தீர்கள். இதை அம்மாவிடமும் இப்படியே சொல்லியிருக்கலாம். நீங்கள் சொன்னதோ, "ஊர் சுத்த ஒரு ரூர் போட்டு வாறன்." அதைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது.

அம்மா என்ன செய்வார் பாவம். ஐம்பது கடந்த மனிதன் மனைவி பிள்ளையை விட்டுவிட்டு ஆபிரிக்காவில் பஸ் ஏறி இறங்கப் போய்விட்டார் என்று ஒஸ்லோத் தமிழ்ச் சனத்துக்குச் சொல்ல முடியுமா? யாழ்ப்பாணத்தில் வளவுக்கு மதில் கட்டப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார். மதில் கட்டினால் யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் புஷ்பராணி மாமி, அண்ணன் வரும்போது பனங்கட்டியும் ஒடியல்மாவும் மோர் மிளகாயும் கொண்டுவரட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அம்மா அவ்வளவையும் இங்கே தமிழ்க் கடையில் வாங்கி, ஒட்டியிருந்த நோர்வே விலைத்துண்டுகளைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். என் நகம் இன்னும் பிசுபிசுக்கிறது.

எங்கள் வீட்டில் பூட்டி வைத்த இரகசியம் நீங்கள் மட்டுமில்லை, நானும்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டதை அம்மா இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு ஒரு சொல்லும் வராது, ஒரு நாள் ஆசிரியர் பேரைக் கேட்டதற்கே அழுதுவிட்டேன், அதற்குப் பிறகு போக முடியவில்லை, உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது, நீங்கள் போன பிறகு நடந்தது. கீழ்வீட்டு றோஸ் அன்ரி காலையில் யன்னலடியில் கோப்பி குடித்துக்கொண்டு வீதியைப் பார்ப்பார். அவர் பார்க்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு நாளும் ஏழரைக்கு நான் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடவேண்டும். பைக்குள் பசிக்குப் பாணும், மழைக்குக் குடையும். மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறி, நகரத்துக்கு அடியால் போய், மற்றக் கரையில் கூல்சோஸில் கடைசித் தரிப்பில் இறங்கி, அதே ரயிலில் திரும்ப ஏறுவேன். பிறகு இன்னொரு தரம். நீங்கள் அங்கே ஒரு கண்டத்தைக் கடக்கிறீர்கள், நான் இங்கே ஒரே தண்டவாளத்தில் போய் வந்துகொண்டிருந்தேன். உங்களுக்காவது முட்டை கிடைத்தது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஆரணிக்கு ஒரே தாய்மாமன் நீங்கள். அவள் பெரிய பிள்ளையாகி ஒரு வருசம் தாண்டிவிட்டது, மண்டபமும் படப்பிடிப்புக்காரரும் ஒன்றாகக் கிடைத்தது இந்தச் சனிக்கிழமைதான். தாய்மாமன் தேங்காய் உடைத்து, தலையில் பால் அறுகு வைத்து, முதல் தண்ணீர் வார்க்காமல் சாமத்தியவீட்டில் அடுத்த அடி எடுத்து வைக்கமாட்டார்கள். அதற்காகத்தானே நீங்கள் லுசாக்காவிலிருந்து வியாழக்கிழமை விமானம் ஏறி வந்து, சடங்கை முடித்துக்கொண்டு, திரும்பிப் போய்ப் பயணத்தைத் தொடர்வதாக இருந்தது. அம்மா அந்த ரிக்கற்றைத் தானே எடுத்துத் தந்தார், கோபத்தோடு என்றாலும் யன்னலோரச் சீற்றாகப் பார்த்துத்தான் எடுத்தார். எல்லையிலிருந்து லுசாக்காவுக்கு வரும் வழியில் உங்கள் பஸ் சாரதிக்கு வயிற்றுக்குத்து வந்து சுருண்டு விழுந்ததும், நடத்துனர் யாருக்காவது பெரிய பஸ் ஓடத் தெரியுமா என்று கேட்டதும், நீங்கள் கை தூக்கியதும் பிழையில்லை. அந்த மனிதரை வழியில் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, இவ்வளவு காலம் இங்கே வலது பக்கத்தில் ஓடிவிட்டு அங்கே இடது பக்கத்தில் ஓடினீர்களே, அதையும் பாராட்டுகிறேன். ஆனால் அப்பா, நாலரை மணித்தியாலம் ஓடினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வெடுக்கவேண்டும் என்பது நோர்வேச் சட்டம். அங்கே அதை யாரும் உங்களிடம் கேட்கவில்லை. விமானம் உங்களுக்காகக் காத்திருக்கவுமில்லை.

நீங்கள் பஸ்ஸை மாமரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு இருந்ததை ஒரு பெடியன் வீடியோ எடுத்து உலகத்துக்கு அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை இரவே அது உங்களோடு வேலை செய்கிறவர்களின் போன்களுக்கு வந்து, அங்கிருந்து தமிழ்ச் சனத்துக்கு வந்துவிட்டது. ஒஸ்லோ வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள், ஆளை மறைக்கவும் வழியில்லை. மஞ்சள் துணி உடுத்த ஒரு அம்மா, ஏன் நிற்கிறோம் என்று கேட்கிறார். நீங்கள் விரலைத் தூக்கி, நாற்பத்தைந்து நிமிடம், சட்டம் என்கிறீர்கள். யாருடைய சட்டம் என்று அவர் கேட்கிறார். நோர்வே என்கிறீர்கள். முழு பஸ்ஸும் கெக்கட்டமிட்டுச் சிரிக்கிறது, அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு போய் உங்களுக்குத் தேத்தண்ணி வாங்கி வருகிறார். நீங்கள் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் குடிக்கிறீர்கள். அந்த ஓய்வை எடுக்காமல் வந்திருந்தால் விமானத்தைப் பிடித்திருப்பார் என்று சனிக்கிழமை காலைக்குள் ஒஸ்லோவில் கணக்குப் பார்க்காத தமிழர் இல்லை.

மண்டபம் லோறென்ஸ்கூக்கில். வெளியே பனி கரைந்து சேறும் ஐஸும். அதற்குள் பல்லக்கு. பல்லக்குத் தூக்க வந்த பெடியங்கள் சப்பாத்து வழுக்கி வழுக்கி ஒத்திகை பார்த்தார்கள், ஆரணி உள்ளே இருந்துகொண்டு, தான் ஹான்ட்பால் விளையாடுகிறவள், தனக்கு நடக்கத் தெரியும் என்று கத்தினாள். புகை மெசினும் இருந்தது. நானும் அம்மாவும் உள்ளே போனபோது ஆண்கள் கோப்பி மேசையைச் சுற்றி நின்று ஒரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதிலிருந்து உங்கள் குரல் வந்தது. அம்மா பனங்கட்டிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். அந்த வீடியோவைக் காணும் வரைக்கும், கொழும்பில் விமானம் பிந்திவிட்டது என்று சொல்ல ஆயத்தமாக இருந்தவர். மண்டபத்து மணப்பெண் அறையில்தான் ஆரணிக்கு மேக்கப். அதன் வாசலில் புஷ்பராணி மாமி நின்றார், தலையில் பூ, கண் முழுக்கத் தண்ணீர். "அண்ணி, யாழ்ப்பாணத்திலை எப்ப தொடக்கம் வரிக்குதிரை நிக்குது?" என்று கேட்டார். அம்மா, "அந்தப் படத்திலை வரிக்குதிரை இல்லை, ஆடுதான் நிண்டது" என்றார். அப்பா, நான் சிரித்திருக்கக்கூடாது. வாயைப் பொத்தினேன், மூக்கால் வந்துவிட்டது.

மாமி கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எனக்கு ஒரே அண்ணன், ஒரே ஒரு நாள் கேட்டனான்" என்று மெதுவாகச் சொன்னார். சடங்குக்கு முறை சொல்ல வந்த சபாரத்தினம் ஐயா, பரவாயில்லை, சித்தப்பன் பெரியப்பன் வழியில் அண்ணன் முறையானவர் யாராவது நிற்பார்தானே, அவரைக் கொண்டு செய்விக்கலாம் என்றார். மாமி, "வேண்டாம் ஐயா, பல்லக்கை வாடகைக்கு எடுத்தது காணும், அண்ணனையும் எடுக்கேலாது" என்றார். அப்போது உள்ளே மேக்கப் கதிரையில் இருந்த ஆரணி, எனக்குப் பசிக்குது, எல்லாரும் நிண்டு கதைக்கிறது சரியான க்ளெய்ன் என்றாள், அது இங்கே பிள்ளைகள் வெட்கக்கேட்டுக்குச் சொல்கிற சொல், "மாமா இல்லையெண்டால் மாமான்ரை மகள் நிக்கிறாதானே, யதுர்ஷாக்கா உடைக்கட்டும்" என்றாள். நான் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சபாரத்தினம் ஐயா, பொம்பிளைப்பிள்ளை தாய்மாமனாக நிற்க ஏலாது, அப்படி ஒரு முறை இல்லை என்றார். மாமி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இவள் ஆற்றை பிள்ளை ஐயா? என்ரை அண்ணன்ரை பிள்ளை. உங்கடை முறையிலை மாமன் மாமரத்துக்குக் கீழை இருந்து தேத்தண்ணி குடிக்கலாமெண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டார். ஐயா முன்வரிசையில் போய் இருந்துவிட்டார். அம்மா என் காதுக்குள், ஏலாதெண்டால் சொல்லு பிள்ளை, நான் உன்னைக் காருக்குள்ளை கொண்டுபோய் விடுறன் என்றார். நான் ஏலாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. எல்லோரும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மேடையில் ஏறும்போது முந்நூறு பேர் இருந்திருப்பார்கள், நான் ஒருவரையும் பார்க்கவில்லை, ஆரணியின் கால் விரலில் பூசிய நகப்பூச்சை மட்டும் பார்த்தேன். தேங்காயும் கத்தியும் கையில் தந்தார்கள். மண்டபத் தரை பழுதாகக்கூடாது என்று கீழே பிளாஸ்ரிக் விரித்திருந்தது. முதல் அடியில் தேங்காய் கையிலிருந்து வழுக்கி, பிளாஸ்ரிக்கில் உருண்டு, மேடையால் குதித்து, நேரே போய் முன்வரிசையில் சபாரத்தினம் ஐயாவின் காலடியில் நின்றது. அவர்தான் எடுத்துக்கொண்டு வந்து தரவேண்டி வந்தது. தரும்போது, கெட்டியாப் பிடி பிள்ளை, கண்ணைப் பாத்து அடி என்று முணுமுணுத்தார். சனம் சிரித்தது. மாமி என் தோளைப் பிடித்து, "உன்ரை அப்பரிலை எனக்கிருக்கிற கோவத்தை நினைச்சுக்கொண்டு ஒண்டு போடு" என்றார். போட்டேன். அப்பா, அப்படி ஒரு உடைப்பை நீங்கள் உடைத்திருக்க மாட்டீர்கள். இரண்டு பாதியும் சமன், தண்ணீர் போய் வீடியோக்காரரின் கமராக் கண்ணாடியில். பிறகு பால் அறுகு வைத்தேன், அறுகு யாரோ வீட்டு யன்னலோரச் சட்டியில் வளர்த்தது, நாலு இழைதான். தண்ணீர் வார்த்தபோது ஆரணி கீழிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். மாமி சத்தம் வராமல் அழுதார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இறங்கி ஓடியிருப்பேன். அறிவிப்பாளர் விடவில்லை. வானொலிக் குரலில், ஒஸ்லோ மண்ணிலே இதோ ஒரு பெண் தாய்மாமன் என்று முழங்கிவிட்டு, ஒலிவாங்கியை என் வாயடியில் பிடித்து, "தங்கச்சி என்ன படிக்கிறியள், மருத்துவமோ, பொறியியலோ?" என்று கேட்டார். இரண்டாவது வரிசையில் அம்மா கண்ணாலே சைகை காட்டினார், தாதிப்படிப்பு என்று சொல்லச் சொல்லி ஏற்கெனவே பழக்கியிருந்தார். என் கை முழுக்கத் தேங்காய்த் தண்ணீரும் பாலும். அவ்வளவு நேரமும் அவ்வளவு சனமும் பார்த்தும் நான் சாகவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "படிக்கேல்லை, விட்டிட்டன்" என்றேன். மண்டபம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. ஒரு இடியும் விழவில்லை, ஒரு பிள்ளையும் அழவில்லை. அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "அப்ப... சாப்பாட்டுப் பக்கம் திறந்தாச்சு" என்றார். எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள்! அம்மா எத்தனை மாதமாக நித்திரை கொள்ளாமல் மறைத்த விசயம், ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் ஒரு நிமிடம் தாங்கவில்லை.

சாப்பிடும்போது றோஸ் அன்ரி தட்டோடு பக்கத்தில் வந்து இருந்தார். "அப்ப விடியக் காலமை பையோடை எங்கை போறனீ? நான் யன்னலாலை பாக்கிறனான்" என்று கேட்டார். கூல்சோஸுக்கு என்றேன். அங்கை என்ன என்றார். ஒன்றுமில்லை, திரும்பி வருவேன் என்றேன். மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "விசரி, நான் அந்த யன்னலடியிலை தனிய இருந்து கோப்பி குடிக்கிறன், நீ ரயிலுக்குத் துணை போறாய்" என்றார். அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக் குசினியில் ஆள் தேடுகிறார்களாம், வியாழக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். கதைக்கத் தேவையில்லையாம், உருளைக்கிழங்கு உரித்தால் போதுமாம். விலைத்துண்டு உரித்த அனுபவம் இருக்கிறது என்று சொல்லப்போகிறேன். புஷ்பராணி மாமி இன்னும் உங்கள் மேல் கோபம்தான், அதை நான் குறைத்து எழுதமாட்டேன். ஆனால் போகும்போது அம்மாவிடமிருந்து பனங்கட்டிப் பையை வாங்கிக்கொண்டார். ஒரு பக்கெற்றைத் திருப்பிப் பார்த்து, அடியில் நாங்கள் உரிக்க மறந்த விலைத்துண்டை அம்மாவுக்குக் காட்டி, "அங்கையும் இப்ப நோர்வேக் குரோணர்தான் போலை" என்றுவிட்டுப் போனார்.

வரும் வழியில் அம்மாதான் காரை ஓட்டினார். நான் திட்டு விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூட விசயத்துக்கு. கனதூரம் வந்தபிறகு, "அந்த மனுசன் ஏன் பிள்ளை போயும் போயும் அந்த மரத்துக்குக் கீழை இருந்தது?" என்று கேட்டார். சட்டம் அம்மா என்றேன். "கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் என்னோடை ஒரு இடத்திலை நாப்பத்தைஞ்சு நிமிசம் இருந்து தேத்தண்ணி குடிச்சதில்லை உந்த மனுசன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை, காரை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் நீங்கள் ஏன் போனீர்கள் என்று நான் சொன்னேன், சுவரும் பல்லியும் வெளியில் கூப்பிட்ட சத்தமும், எல்லாம். நீங்கள் சொல்லவேண்டாம் என்று கேட்டதுதான். ஆனால் அன்றைக்கு என் வாய் திறந்திருந்தது, மூடுவதற்கு முன் சொல்லிவிட்டேன். அம்மா கண்ணைத் துடைத்துவிட்டுக் காரை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் என் போனை வாங்கி அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அந்த மஞ்சள் துணி ஆர் என்று இரண்டு தரம் கேட்டார், அதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆகவே அப்பா, எந்தச் சடங்குக்காக நீங்கள் முகமில்லை என்றீர்களோ அது நடந்து முடிந்துவிட்டது, தேங்காய் சமனாக உடைந்தது, ஆரணி வந்த அன்பளிப்புக் காசை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இப்போது வந்தால் இங்கே செய்ய ஒன்றுமில்லை. சோபாவில் இருப்பீர்கள், சிரிக்கமாட்டீர்கள், நான் உங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். பிள்ளை தகப்பனை ஆசீர்வதிக்கக்கூடாது என்று தெரியும், ஆனாலும் மாமனாக நின்ற கையால் ஆசீர்வதிக்கிறேன், நல்ல சாரதியும் நல்ல சீற்றும் கிடைத்து, வயிறு கெடாமல், நிலம் முடியும் இடம்வரை போய்ச் சேருங்கள். பிரஷர் குளிசையைக் காலையில் மறக்காமல் போடுங்கள், கரோலினாவிடம் ஒரு துண்டு எழுதிக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். போனை எடுத்து நீங்களே கதையுங்கோ என்றேன், அதெல்லாம் பிறகு பாப்பம் என்றார். ஆனால் இப்போது எனக்குப் பின்னால் வந்து நின்று எழுதச் சொல்கிறார், ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "இஞ்சாருங்கோ, அரைவாசியிலை திரும்பி வரவேண்டாம். வந்தால் அதுக்கும் நான்தான் சனத்துக்கு விளக்கம் சொல்லோணும். போய் முடிச்சுப்போட்டு வாங்கோ. இனி ஆற்றையும் பஸ்ஸை ஓடுறதெண்டால் சம்பளம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடுங்கோ. கேப் டவுனிலை கடலடியிலை நிண்டு வடிவா ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, அந்த வேலைச் சட்டை வேண்டாம், நான் பெட்டிக்கு அடியிலை வைச்ச நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு. கோயிலிலை கேக்கிற சனத்துக்கு நான் காட்டோணும்."

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகளும், ஆரணியின் பதில் தாய்மாமனுமாகிய
யதுர்ஷா